புயலைத் தாங்கும் ஷட்டருக்கு 70,000 ரூபாய் போதுமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 57. கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் கட்டிய சிறிய தனிவீடு, அதை ஒட்டி கார் நிறுத்த ஒரு கராஜ். காரை விற்று வருஷங்கள் ஆகின்றன. இப்போது அங்கே இரண்டு பெரிய கிரைண்டரும் ஒரு ஃபிரிட்ஜும் வைத்து, இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்கிறார். கராஜின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசல் 10 அடி அகலம், 8 அடி உயரம், மேற்குப் பார்த்தது. எதிரே மைதானம், காற்றை மறிக்க எதுவும் இல்லை.

2021 மே 17 அன்று டவ்-தே புயல் மும்பைக் கடலை ஒட்டிப் போனபோது ஷட்டர் உள்பக்கமாக வளைந்து, இடது ஓரம் கைடிலிருந்து (ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டு இரும்புத் தடம்) வெளியே வந்துவிட்டது. சிறிது நேரத்தில் கூரையில் இரண்டு ஷீட் பறந்தன. ஷட்டரைத் தட்டி நிமிர்த்தி இத்தனை நாள் ஓட்டியாயிற்று. இப்போது கீழ்ப் பட்டிகள், அதாவது ஷட்டரின் குறுக்குத் தகடுகள், துருப்பிடித்து உதிர்கின்றன. மாற்றியே ஆக வேண்டும். சீட்டு எடுத்த பணம் 70,000 ரூபாய் கையில் இருக்கிறது.

மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். முதலாவது 26,000: 20 கேஜ் பட்டி (கேஜ் என்பது தகட்டின் தடிமன் அளவு, எண் கூடினால் தகடு மெலியும்), கையால் தூக்குவது, பழைய கைடு அப்படியே இருக்கும். இரண்டாவது 61,000: 18 கேஜ் பட்டி, புது கைடு, மோட்டார் (அதற்கு மட்டும் தனியாக 22,000 போட்டிருக்கிறார்கள்). மூன்றாவது 1,48,000: வெளிநாட்டுப் பாணியில் பலகை பலகையாக மடிந்து மேலே போகும் கதவு, ரிமோட்டுடன். மூன்றுக்கும் ஜிஎஸ்டி தனி.

வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. ஃபுளோரிடாவில் இருக்கும் மகன் தன் வீட்டில் அண்மையில் சூறாவளியைத் தாங்கும் கராஜ் கதவு போட்டிருக்கிறார். "அதே மாதிரி போடு, இன்சூரன்ஸ் பிரீமியமும் குறையும்" என்கிறார். கணவரோ, "புயல் வரும்போது ஷட்டரை அரையடி தூக்கிவிட்டால் காற்று பாட்டுக்குப் போய்விடும், மலிவானதே போதும்" என்கிறார். வாசகிக்கு வலது தோளில் தீராத வலி. தினமும் விடியற்காலை ஷட்டரைத் தூக்குவது அவர்தான். அதனால் மோட்டார் வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார். எதை எடுப்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது அவர் கேள்வி.

அன்புள்ள அம்மா,

அளவு, திசை, கூரை, கொட்டேஷனில் இருந்த தொகை என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பொதுவாகப் பேசாமல் உங்கள் கராஜைப் பற்றியே பேச முடிகிறது. கட்டட அமைப்புப் பொறியாளனாக நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். உங்கள் பணத்தின் பெரும்பங்கு ஷட்டரின் ஓரத்துக்குப் போக வேண்டும், அதாவது பட்டி கைடைப் பிடிக்கும் இடத்துக்கும், கைடு சுவரைப் பிடிக்கும் இடத்துக்கும். மூன்று கொட்டேஷனிலும் அந்த இடத்துக்கு ஒரு ரூபாய்கூட எழுதப்படவில்லை.

அன்றைக்குக் கூரை ஏன் பறந்தது

டவ்-தே அன்று கொலாபாவில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 114 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 60 கிலோ அழுத்தம் விழும். உங்கள் ஷட்டரின் பரப்பு ஏழரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்று நேராக அடித்திருந்தால் மொத்தம் 450 கிலோ அதைத் தள்ளியிருக்கும். மெல்லிய தகடு அவ்வளவையும் தாங்கி வளைந்தது. வளைய வளைய அதன் இரு ஓரமும் நடுவை நோக்கி இழுபடும். கைடின் ஆழம் குறைவாக இருந்ததால் இடது ஓரம் வெளியே வந்துவிட்டது.

கூரைக்கு ஆபத்து அதன் பிறகுதான் வந்தது. ஷட்டர் மூடியிருக்கும்வரை உள்ளே காற்றழுத்தம் அதிகம் இல்லை. ஓரம் திறந்ததும் காற்று உள்ளே புகுந்தது, ஆனால் வெளியேற வழியில்லை. பலூனுக்குள் ஊதியது போல உள்ளிருந்து கூரையைத் தூக்கியது. அதே நேரம் மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சியும் இழுக்கும். நம் நாட்டின் காற்றுச்சுமை விதியான ஐஎஸ் 875 மூன்றாம் பாகம் இதை எண்ணிலேயே சொல்கிறது. சுவரில் திறப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் உள் அழுத்தம், வெளியே அடிக்கும் காற்றின் அழுத்தத்தில் 0.2 மடங்கு. 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7. உங்கள் கராஜில் அன்று இரண்டாவது கணக்குதான் நடந்தது. உள்ளிருந்து மட்டும் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் தூக்கியிருக்கும். ஷீட்டின் எடை அதில் பாதிகூட வராது.

இப்போது உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவரிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. மேற்கே திறந்து மற்ற மூன்று பக்கமும் மூடிய ஓர் அறையில் அரையடி திறப்பு என்பது, அன்று புயல் செய்ததை நாமே முன்கூட்டிச் செய்து கொடுப்பது. அதோடு ஷட்டரைத் தூக்கியதும் அடித்தகட்டின் பூட்டு விலகிவிடும். கீழ் ஓரம் பிடிப்பில்லாமல் ஆடத் தொடங்கினால் மேலே உள்ள பட்டிகளும் தாங்காது. புயல் அன்று ஷட்டர் முழுதாக இறங்கி, இரண்டு பக்கமும் பூட்டியிருக்க வேண்டும்.

மகன் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியது

உங்கள் மகன் வெறும் ஆசையில் சொல்லவில்லை. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே கரையேறியபோது, கராஜ் கதவு உடைந்து, அதனாலேயே கூரையை இழந்த வீடுகளை ஆய்வு செய்தவர்கள் பார்த்தார்கள். உங்கள் கராஜில் நடந்த அதே கதை, பல மடங்கு பெரிய அளவில். அதற்குப் பிறகு அந்தப் பகுதியின் கட்டட விதிகள் கடுமையாயின. அங்கே கதவுக்குச் சான்று தர, 4 கிலோ எடையுள்ள ஒரு மரக்கட்டையை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மீது எறிந்து சோதிக்கிறார்கள். காற்றில் பறந்து வரும் பொருள் கதவைத் துளைத்துவிடக் கூடாது என்பதற்காக.

ஆனால் உங்களுக்கு வந்த மூன்றாவது கொட்டேஷனில் பாணி மட்டும்தான் ஃபுளோரிடா. எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற எண்ணோ, சோதனைச் சான்றோ அதில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அந்த எண் இல்லாமல் ஜிஎஸ்டியோடு சேர்த்து 1,74,640 ரூபாய் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரீமியம் குறையும் என்பதும் அந்த ஊர்ச் சட்டப்படி. காற்றைத் தாங்கும் ஏற்பாடு செய்த வீட்டுக்கு ஃபுளோரிடாவில் காப்பீட்டு நிறுவனங்கள் சலுகை தந்தாக வேண்டும். இங்கே அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

நம் ஊருக்கு எந்த அளவு போதும்? ஐஎஸ் 875 மும்பைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு 158 கிலோமீட்டர். டவ்-தேயைவிட வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் 450 கிலோ இங்கே 880 கிலோ ஆகிவிடும். ஒரு சிறிய கார் உங்கள் ஷட்டர் மீது சாய்ந்து நிற்பது போல. உங்கள் கராஜ் தாங்க வேண்டிய எண் இதுதான். கொட்டேஷன் கொடுப்பவரிடமும் இதையே சொல்லுங்கள்.

பணம் போக வேண்டிய இடம்

டவ்-தே முடிந்த வாரம் ஒரு கடைத்தெருவில் ஷட்டர்களைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பட்டி நன்றாகவே இருந்தது. கைடோடு சேர்ந்து சுவரின் பூச்சு கட்டிகட்டியாகப் பெயர்ந்து கீழே கிடந்தது. பிளாஸ்டிக் பிளக்கும் இரண்டு அங்குல ஸ்க்ரூவும் பூச்சைத் தாண்டிச் செங்கலைச் சரியாகத் தொடவே இல்லை. அதிலிருந்து ஷட்டர் பார்க்கப் போகும் எந்த இடத்திலும் முதலில் கைடை ஆட்டித்தான் பார்க்கிறேன். நீங்களும் இன்றே ஆட்டிப் பாருங்கள்.

இந்த 880 கிலோவில் ஒவ்வொரு கைடுக்கும் 440 கிலோ வரும். பட்டியின் நுனியில் விண்ட் லாக் என்ற கொக்கி வைத்து, கைடை விட்டு வெளியே வராமல் தடுக்கலாம். கட்டாயம் வையுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கொக்கி மாட்டிய பட்டி வளையும்போது, பாரம் தொங்கும் கயிறு போல இரண்டு கைடையும் உள்நோக்கி இழுக்கும். பூச்சில் நிற்கும் கைடுக்கு விண்ட் லாக் மாட்டினால் அடுத்த புயலில் பட்டிக்குப் பதில் கைடே கையோடு வந்துவிடும். அதனால் முதலில் சுவர், பிறகு கைடு, அப்புறம்தான் கொக்கி.

உங்கள் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மாமனார் காலத்துச் செங்கலில் ஆங்கர் போல்ட்டை (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) நம்ப முடியாது. வாசலின் இரு பக்கமும் தரையிலிருந்து லிண்டல் (வாசலுக்கு மேலே உள்ள கான்கிரீட் உத்தரம்) வரை இரும்புச் சதுரக் குழாய் நிறுத்தி, கீழே தரைக் கான்கிரீட்டிலும் மேலே லிண்டலிலும் ஆங்கர் போல்ட்டால் பிடித்து, கைடை அந்தக் குழாயில் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை.

இன்னொன்று, செலவு குறைவு, பலன் பெரிது: கழற்றி மாட்டும் நடுத்தூண். மூன்று அங்குலச் சதுரக் குழாய், தகட்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கீழே தரையில் ஒரு குழி, மேலே லிண்டலில் ஒரு கிளாம்ப். மற்ற நாளில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ஷட்டருக்கு உள்பக்கம் ஒட்டி நிறுத்திப் பூட்ட வேண்டும். 10 அடி அகலம் இரண்டு 5 அடியாகப் பிரியும். அகலம் பாதியானால் வளைக்கும் விசை கால் பங்காகிவிடும். மொத்தச் சுமையில் பாதிக்கு மேல் அந்தத் தூணே வாங்கிக்கொள்ளும். புயல் நகர நகரக் காற்றின் திசை மாறி, ஷட்டரை வெளிப்பக்கம் உறிஞ்சவும் செய்யும். தூண் உள்ளே தள்ளுவதை மட்டும்தான் தடுக்கும். வெளியே இழுப்பதற்குக் கைடும் கொக்கியும்தான் துணை.

பட்டி 18 கேஜாகவே இருக்கட்டும். கொட்டேஷனில் கேஜ் என்று எழுதாமல் 1.2 மில்லிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். 20 கேஜ் என்பது 0.9தான். துத்தநாகப் பூச்சின் அளவையும் எழுதி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 275 கிராம் கிடைத்தால் எடுங்கள், 120க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கடற்காற்றோடு, தினமும் கிரைண்டர் கழுவிய புளித்த தண்ணீரும் ஷட்டரின் அடியில் நிற்கிறதே, உங்கள் கீழ்ப் பட்டிகள் முதலில் போனதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீர் உள்பக்கமே வடிய ஒரு சின்ன வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள்.

70,000 ரூபாயைப் பிரிப்போம்

இரண்டாவது கொட்டேஷன் உங்கள் கைக்குள் அடங்குவது போலத் தெரிகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 71,980 ஆகிவிடும். சுவருக்கு ஒரு பைசா மிஞ்சாது. முதலாவது ஜிஎஸ்டியோடு 30,680தான், ஆனால் மெல்லிய தகட்டை அதே பழைய கைடில் மாட்டுவது 2021-ஐத் திரும்பக் கூப்பிடுவது. அதில் போடும் பணம் மிச்சம் அல்ல.

என் யோசனை, இரண்டாவது ஆளிடம் மோட்டார் இல்லாமல் கேளுங்கள். 61,000-இல் 22,000 கழித்தால் 39,000. வரியோடு 46,020. மீதி 23,980 இருக்கும். அதில் 6,000-ஐத் தொடாமல் வையுங்கள். பழைய கைடைக் கழற்றும்போது சுவர் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எஞ்சிய கிட்டத்தட்ட 18,000 பக்கக் குழாய்கள், விண்ட் லாக், நடுத்தூண், கூரை போல்ட் ஆகியவற்றுக்கு. இந்த வரிசையிலேயே செலவு செய்யுங்கள். பணம் இழுபட்டால் பெயின்ட், மேல்மூடி அலங்காரம் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போகட்டும். பழைய ஷட்டரை மிஸ்திரி "நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்பார். எடை போட்டு, இரும்பு விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

கூரைக்கு அதிகம் வேண்டாம். ஓர வரிசையில் விட்டுப்போன ஜே போல்ட்டுகளை (ஷீட்டைக் கீழ்ச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்) போட்டு, துருப்பிடித்த வாஷர்களை மாற்றினால் போதும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்தபடி துளையிட விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், அதுவும் மாவு அரைக்கும் இடம். தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தி, முகமூடியோடு, கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் மூடிவைத்துச் செய்யட்டும்.

உங்கள் தோள்வலியை நான் மறக்கவில்லை. மோட்டார் உங்களுக்கு ஆடம்பரம் இல்லை, பிழைப்புக்கான கருவி. ஆனாலும் இந்த வருஷம் அதைத் தள்ளிவைக்கச் சொல்வேன். உங்கள் அளவு ஷட்டர் பத்துச் சதுர மீட்டருக்கு உட்பட்டது, கையால் தூக்கும் வகைக்குள் வருகிறது. பால் பேரிங் போட்டு, ஸ்பிரிங்கைச் சரியான முறுக்கில் வைத்தால் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு தானே மேலே போகும். இப்போது கனப்பதற்குப் பெரும்பாலும் தளர்ந்த ஸ்பிரிங்கும் துருவும்தான் காரணமாக இருக்கும். பின்னாளில் மோட்டார் மாட்டும்படி ஷாஃப்ட்டும் வயர் குழாயும் இப்போதே வைத்துவிடச் சொல்லுங்கள். அதுவரை விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குவது உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும். மோட்டார் வாங்கும் நாளில், கரண்ட் போனால் கையால் இயக்கும் வசதி உள்ளதைத்தான் வாங்க வேண்டும். புயல் அன்று கரண்ட் இருக்காது. ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் யாரும் தொடாதீர்கள், முறுக்கு விட்டால் கையை முறித்துவிடும்.

இன்சூரன்ஸ்

"வீட்டுக்குப் பாலிசி எடுத்தால் ஷட்டர் செலவைத் தருவார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். துருவுக்கும் தேய்மானத்துக்கும் எந்தப் பாலிசியும் தராது, நடந்து முடிந்த சேதத்துக்கும் கிடையாது. இனி வரப்போகும் புயலுக்காக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. புயலும் வெள்ளமும் அதில் உண்டு, கராஜும் வீட்டின் பகுதியாகச் சேரும். ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. நீங்கள் கராஜில் மாவு வியாபாரம் செய்வதைச் சொல்லாமல் எடுத்தால், சேதம் வந்த அன்று அதையே காரணமாகக் காட்டிக் கோரிக்கையை மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும், சிறு தொழில்களுக்கென்று இருக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி சரிவருமா என்று கேளுங்கள். புது ஷட்டரின் பில்லையும், குழாய், போல்ட் வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் பத்திரமாக வையுங்கள்.

எப்போது முடிக்க வேண்டும்

"மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மும்பைக்குப் பருவமழை வழக்கமாக வரும் நாள் ஜூன் 11. ஆனால் நிசர்கா புயல் அலிபாக் பக்கம் கரையேறியது 2020 ஜூன் 3, டவ்-தே வந்தது மே 17. இரண்டும் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டன. அதனால் உங்கள் கெடு ஏப்ரல் கடைசி. நடுத்தூணுக்குத் தரையில் போடும் புதுக் கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் ஆகும். அந்தக் குழியை மார்ச்சிலேயே போட்டு, ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி ஆற விடுங்கள். சித்திரை வருஷப் பிறப்புக்குள் ஷட்டர் மாட்டியாகிவிட்டால் நிம்மதி. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். வாசலின் அகலத்தையோ கூரையின் உயரத்தையோ மாற்றுகிற யோசனை யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது மாநகராட்சி அனுமதி விஷயமாகிவிடும்.

வேலை முடிந்த அன்று, கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், உங்கள் கணவரையே நடுத்தூணை மாட்டிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வரும் நாளில் அதைச் செய்யப்போவது அவர்தான். காற்று ஏறுவதற்கு முன்பே மாட்டிவிட்டு, கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். 2021-இல் அவர் பெஞ்சை முட்டுக்கொடுத்து ஷட்டரைக் கையால் தாங்கி நின்றதாக எழுதியிருந்தீர்கள். 450 கிலோவுக்கு எதிரே அவர் நின்றிருக்கிறார். இனி ஒருபோதும் அங்கே நிற்க விடாதீர்கள்.